போட்டி ஏர் பிஸ்டலும் அதன் சைட்டும்: பராமரிப்பு, கோளாறு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகும் பிள்ளைகளின் துப்பாக்கிகளைச் சில ஆண்டுகளாக நான் பார்த்துச் சரிசெய்து தருகிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், பொன்னமராவதி எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் பேசுவது 4.5 மி.மீ. பெல்லட்டை, அதாவது சிறு ஈயக் குண்டைச் சுடுகிற, அழுத்தக் காற்றுச் சிலிண்டரால் இயங்குகிற, சுடுபவரின் கைக்கென்றே செதுக்கிய மரப்பிடி பொருத்திய போட்டி பிஸ்டலைப் பற்றி மட்டும்தான். சைட் என்பது குறிபார்க்கும் அமைப்பு: குழாயின் முனையில் நிற்கும் முன்குறியும், பின்னால் பிளவுள்ள பின்குறியும். அதன் திருகு ஒரு படி நகர்வதே ஒரு கிளிக்.

பழுது பார்க்க உட்காருவதற்கு முன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பெல்லட் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்து, சிலிண்டரைக் கழற்றித் தனியே வைத்து, குழாயினுள், அது காலி என்று காட்டும் பாதுகாப்பு நாடாவைச் செருகிய பிறகே திருகுளியைக் கையில் எடுக்க வேண்டும். சிலிண்டரைக் கழற்றிய பின்னும் உள்ளே ஒரு முறை சுடுவதற்கான காற்று தங்கியிருக்கக்கூடும் என்பதால், பாதுகாப்பான திசையில் பிடித்து அதையும் வெளியேற்றிவிடுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையைப் பூட்டிய அறையில் செய்யுங்கள்.

இந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுமா?

4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கே 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்கின்றன. ஏறத்தாழ அரை கிராம் எடையுள்ள பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 5.6 ஜூல்தான். ஆயினும் வாங்கிய ரசீதை எப்போதும் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

குண்டுகள் நடுவில் விழாமல் ஒரு பக்கமாகப் போகின்றன. உடனே சைட்டைத் திருகலாமா?

வேண்டாம். என்னிடம் வரும் பத்துத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் சைட் ஒரு குற்றமும் செய்திருக்காது. பிடி தளர்ந்திருக்கும், வெளிச்சம் மாறியிருக்கும், அல்லது கண் களைத்திருக்கும். ஆனாலும் கைக்கு எட்டும் இடத்தில் திருகு இருப்பதால் எல்லாரும் முதலில் அதைத்தான் திருகுகிறார்கள்.

நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். ஒரு வெளியூர்ப் போட்டியில், முன்னோட்டச் சூடுகளின் போது, என்னிடம் பழகும் பெண்ணின் குண்டுகள் வலப்பக்கமாக விலகிக்கொண்டே போயின. "சார், இன்னும் ரெண்டு கிளிக் போடட்டுமா?" என்று அவள் கேட்க, நானும் சரி என்று தலையசைத்தேன். அப்படியே பதினொரு கிளிக் வரை போய்விட்டோம். போட்டி முடிந்து பிஸ்டலைக் கையில் வாங்கிப் பிடியை அசைத்தபோது, அது உடலிலிருந்து ஒரு மயிரிழை அளவு ஆடியது. பிடியை இறுக்கும் ஒரே ஒரு திருகு தளர்ந்திருந்தது. தளர்ந்த பிடிக்கு ஏற்றபடி சைட்டை மாற்றி, பிடி மேலும் தளர மீண்டும் சைட்டை மாற்றி, அந்தப் பிள்ளையின் 60 குண்டுகளையும் நான் வீணாக்கினேன். அன்று முதல், திருகைத் தொடுவதற்கு முன் பிடி, முன்குறி, பின்குறி, சிலிண்டர் ஆகிய நான்கையும் விரலால் அசைத்துப் பார்க்காமல் நான் எதையும் செய்வதில்லை.

குற்றம் சைட்டிலா, காற்றிலா, கையிலா என்று எப்படிப் பிரித்தறிவது?

கொஞ்சம் கணக்குப் போட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். இலக்கு அட்டையின் 10ஆம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு 8 மி.மீ. தூரம். நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் ஏறத்தாழ 22 மி.மீ. கீழிறங்குகிறது, வேகம் 140 மீட்டராகக் குறைந்தால் 25 மி.மீ. இறங்குகிறது. அதாவது, குண்டின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் குறைந்தாலும் அது 3 மி.மீ.தான் தாழும், அது அரை வளையம்கூட இல்லை.

இப்போது சைட்டைப் பாருங்கள். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 320 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டில் ஒன்று 0.1 மி.மீ. நகர்ந்தாலே இலக்கில் 3 மி.மீ. மாறும், அரை மி.மீ. நகர்ந்தால் 16 மி.மீ., அதாவது முழுதாக இரண்டு வளையம். ஆகவே குண்டுகள் திடீரென்று இரண்டு வளையம் கீழே விழுந்தால் சிலிண்டர் காற்றை அளந்து தரும் ரெகுலேட்டரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது கை மாறியிருக்கிறது. மாறாக, குண்டுகள் மேலும் கீழுமாக ஒரு குறுகிய கோட்டில் பரவினால், அப்போது காற்றைச் சந்தேகிக்கலாம். வலக்கைக்காரருக்குக் குண்டுகள் கீழ்-இடப் பக்கமாகச் சரிந்தால், பெரும்பாலும் ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பதே காரணம்; அதற்கு எந்தத் திருகிலும் மருந்தில்லை.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால், மணல் மூட்டையின் மேல் கையைத் தாங்கவைத்து ஐந்து குண்டு சுடுங்கள். தாங்கலில் ஐந்தும் ஒரே துளையாக விழுந்து, நின்று சுடும்போது சிதறினால் துப்பாக்கியில் குறையில்லை. தாங்கலிலும் சிதறினால்தான் பழுது தேட வேண்டும்.

சைட்டின் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும் என்பது மாறாத விதி. குழப்பம் வருவது திருகின் மேல் பொறித்திருக்கும் எழுத்துகளால்தான். ஜெர்மானியத் தயாரிப்புகள் சிலவற்றில் வலம், இடம், மேல், கீழ் ஆகியவற்றுக்கு ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள் இருக்கும். அந்த எழுத்து குண்டு விழுந்த பக்கத்தைக் குறிக்கிறதா, போக வேண்டிய பக்கத்தைக் குறிக்கிறதா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஊகிக்காமல் ஐந்து குண்டு சுட்டு, பத்து கிளிக் திருப்பி, மீண்டும் ஐந்து குண்டு சுட்டு இடைவெளியை அளந்துவிடுங்கள். திசையும் தெரிந்துவிடும், உங்கள் சைட்டில் ஒரு கிளிக்குக்கு எத்தனை மி.மீ. என்பதும் தெரிந்துவிடும்.

பழகிய சைட்டுகளில் இன்னொரு தொல்லை உண்டு. திருகின் மரைக்குள் சிறிது இளக்கம் ஏற்பட்டிருந்தால், திசையை மாற்றித் திருப்பும் முதல் ஒன்றிரண்டு கிளிக்குகள் வேலை செய்யாது. நான்கு கிளிக் தேவைக்கு மேல் போய்விட்டால், ஏழெட்டு கிளிக் பின்னுக்கு வந்து, பிறகு வழக்கமான திசையிலேயே திருப்பி நிலைக்குக் கொண்டுவாருங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தினால் இளக்கம் தொல்லை தராது.

முன்குறி பளபளக்கிறது. கறுப்புச் சாயம் பூசலாமா?

சாயம் விளிம்பில் தடித்துக் குறியின் அகலத்தை மாற்றிவிடும். நம் வீட்டிலேயே இருக்கும் கற்பூரம் இதற்கு மிக நல்லது. உலோகத்தாலான முன்குறித் தகட்டைப் பிஸ்டலிலிருந்து கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, இடுக்கியால் பிடித்து, எரியும் ஒரு வில்லைக் கற்பூரத்தின் சுடர் நுனிக்குச் சற்று மேலே காட்டுங்கள். இரண்டு மூன்று நொடியில் வெல்வெட்டைப் போன்ற, ஒளியை விழுங்குகிற கரி அதன்மேல் படியும். விரல் பட்டால் அழிந்துவிடும் என்பதால், பக்கங்களைத் தொடாமல் அடிப்பகுதியைப் பிடித்தே திரும்பப் பொருத்த வேண்டும். என் அப்பத்தா ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் செப்புத் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி எடுப்பார்கள். அந்தக் கரியிலும் ஒரு முறை செய்து பார்த்தேன். அதில் எண்ணெய் கலந்திருப்பதால் மினுமினுப்பு முழுதும் போகவில்லை. கற்பூரக் கரியே உலர்ந்தது. பிளாஸ்டிக் முன்குறியாக இருந்தால் சுடர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். காற்று நிரம்பிய சிலிண்டர் இருக்கும் அறையிலும் தீ வேண்டாம்.

எங்கள் வீட்டு வளவில் காலையில் சுட்டால் ஒரு மாதிரியும் மாலையில் சுட்டால் வேறு மாதிரியும் குண்டு விழுகிறது. ஏன்?

செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நேர்கோட்டில் நடை இருப்பதால், 10 மீட்டர் தூரத்தை அளந்து இலக்கை வைக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஆனால் வளவின் நடுவே திறந்த முற்றம் இருக்கிறதே, அதுதான் சிக்கல். காலை வெயில் ஒரு பக்கத் தூண்களின் மேல் விழும்போது முன்குறியின் அந்தப் பக்க விளிம்பு மட்டும் ஒளிர்கிறது. ஒளிர்ந்த விளிம்பு வெள்ளைப் பின்னணியோடு கலந்துவிட, மீதியிருக்கும் கறுப்பை மட்டும் முழுக் குறி என்று நம் கண் எடுத்துக்கொண்டு, அதைப் பின்குறியின் பிளவுக்கு நடுவே வைக்கிறது. உண்மையில் முன்குறி வெளிச்சம் வரும் பக்கமாகச் சற்று நகர்ந்து நிற்கிறது. குண்டும் அந்தப் பக்கமே போகிறது. மாலையில் வெயில் எதிர்த் தூண்களுக்கு மாறும்போது குண்டும் மாறுகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் பளபளப்பும் கீழிருந்து ஒளியை எறிந்து இதே தொல்லையைத் தரும்.

முன்குறியின் மேல் கூரை போல எதையாவது ஒட்டிக்கொள்ளப் பலருக்கும் தோன்றும். குறிகளுக்கு எந்த மறைப்பும் கூடாது என்பது சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதி. முற்றத்துப் பக்கம் தட்டியோ திரையோ இறக்கி, இலக்கின் மேல் மட்டும் நிலையான விளக்கைப் போடுவதே சரியான வழி. இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அதன் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி கட்டாயம் வேண்டும். தேக்குக் கதவையும் கருங்கல் தூணையும் நம்பிச் சுட்டால் ஈயம் தெறித்துத் திரும்பும். ஆள் நடமாட்டம் உள்ள வீட்டில் பெல்லட் இல்லாத வெற்றுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாற்பது வயதுக்கு மேல் முன்குறி மங்கலாகத் தெரிகிறது. சைட்டை மாற்ற வேண்டுமா?

கண்ணாடியை மாற்ற வேண்டும். நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது இலக்கை அன்று, கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்திலிருக்கும் முன்குறியைத்தான். இலக்கின் கறுப்பு மங்கலாகத் தெரிவதே இயல்பு. தூரப் பார்வைக்கான அளவோடு 0.50 அல்லது 0.75 டயாப்டர் கூட்டிய வில்லை பலருக்கும் போதும். கண் மருத்துவரிடம் போகும்போது, கையை நீட்டி, முன்குறி இருக்கும் தூரத்தை ஒரு நூலில் அளந்து கொண்டுபோங்கள். "கிட்டப் படிக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னால் புத்தகம் படிக்கும் வில்லையைக் கொடுத்துவிடுவார்கள். அதில் முன்குறியும் மங்கும்.

மரப்பிடியை ஊர் ஆசாரியிடம் கொடுத்துச் செதுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். பர்மா தேக்கில் கதவும் தூணும் செதுக்கிய மரபு உள்ள ஊர் இது. அந்தக் கைகளுக்கு ஒரு பிடியைப் பண்படுத்துவது பெரிய வேலையன்று. ஆனால் எங்கே எடுக்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தி, மூச்சை நிறுத்தி, கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி பிளவின் இடப்பக்கம் ஒட்டி நின்றால், மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யாதீர்கள். பிடியே அந்தப் பக்கம் தள்ளுகிறது. பத்து முறை செய்து பத்திலும் அப்படியே வந்தால்தான் மரத்தில் கை வைக்கலாம். எடுப்பதற்கு முன் சேர்த்துப் பார்ப்பது நல்லது: மரத்தூளும் பிசினும் கலந்த பசையை ஓரிடத்தில் அப்பி ஒரு வாரம் சுட்டுப் பார்த்தால், பிடிக்காதபோது சுரண்டிவிடலாம், செதுக்கி எடுத்த மரம் திரும்ப வராது. ஆசாரியிடம் பிடியை மட்டும் கழற்றிக் கொடுங்கள்.

முழுப் பிஸ்டலும் 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. உள்ளங்கைத் தாங்கலை அகலமாக்கிய ஆசையில் இந்த அளவைத் தாண்டிவிட்டு, போட்டிக்கு முந்தைய சோதனையில் அரம் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிறிது நேரம் ஓய்ந்த பின் சுடும் முதல் குண்டு மட்டும் மேலே போகிறது. என்ன காரணம்?

ரெகுலேட்டர் கசிகிறது. சிலிண்டரின் உயர் அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு முறை சுடுவதற்கும் அளந்து தருவது அதன் வேலை. அதன் இருக்கை தேய்ந்தாலோ தூசி புகுந்தாலோ, ஓய்ந்திருக்கும் நேரத்தில் அளவுக்கு மேல் காற்று மெல்ல ஊறிச் சேர்கிறது. அடுத்த குண்டு கூடுதல் வேகத்தில் போகிறது. குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி கிடைத்தால், ஐந்து நிமிடம் ஓய்ந்து சுட்ட குண்டையும் தொடர்ச்சியாகச் சுட்ட குண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரெகுலேட்டரை வீட்டில் திறக்கக் கூடாது.

வெளியே காற்று கசிவதாகத் தோன்றினால், இரவு சிலிண்டரைக் கழற்றிவைத்துக் காலையில் அழுத்தமானியைப் பாருங்கள். மறுநாள் இரவு பொருத்தியபடியே வைத்துப் பாருங்கள். தனியே இருக்கும்போது குறையாமல் பொருத்தியிருக்கும்போது குறைந்தால், இணைப்பிலிருக்கும் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் வளையம்) வெடித்திருக்கும். அதைத் தயாரிப்பாளர் தரும் ஓ-ரிங் கொண்டு நீங்களே மாற்றலாம்.

சிலிண்டரை நிரப்பும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

உலர்ந்த, தூய காற்றைத் தவிர வேறெதையும் நிரப்பக் கூடாது. மருத்துவமனை, வெல்டிங் பட்டறை ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் அண்டவிடாதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் துளி எண்ணெயோடு சேர்ந்தாலே வெடிக்கும். கைப்பம்பில் அடிப்பவர்கள் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, நீரை வெளியேற்றி, பம்பை ஆறவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நம் காற்றில் ஈரம் மிகுதி.

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் சிலிண்டரை விட்டுச் செல்லாதீர்கள். 30 டிகிரியில் 200 பார் அளவுக்கு நிரப்பியது 60 டிகிரியில் 220 பார் ஆகிவிடும். சிலிண்டரின் மேல் தயாரித்த தேதி பொறித்திருக்கும். தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 ஆண்டே ஆயுள் தருகிறார்கள். தேதி கடந்தது போட்டியில் செல்லாது என்பதைவிட, அது உங்கள் முகத்துக்கு அருகில் இருக்கும் பொருள் என்பதே பெரிது.

தேங்காய் எண்ணெய் போடலாமா?

கூடாது. 24 டிகிரி அளவில் அது உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் ட்ரிகர் கனப்பதற்கு அதுவே காரணமாகும். தையல் மிஷின் எண்ணெயை வெளிப்புற எஃகுத் திருகுகளில் ஊசி முனையளவு வைக்கலாம், காற்று செல்லும் பாதையில் வைக்கவே கூடாது. ஓ-ரிங்குகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே.

மழைக்காலத்தில் துருப் பிடிக்கிறது. என்ன செய்வது?

உலோக அரிப்பைப் பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்கும் ஊர் காரைக்குடி. அதன் வாசலில் இருந்துகொண்டு நாம் பிஸ்டலைத் துருப்பிடிக்க விடலாகாது. இரும்பின் மேல் மெல்லிய நீர்ப்படலமும் அதில் கரைந்த உப்பும் இருந்தால் அரிப்பு தொடங்கிவிடும். நம் வியர்வையில் இரண்டும் உண்டு. பயிற்சி முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பிறகு எண்ணெய் தொட்ட துணியால் எஃகுப் பகுதிகளை ஒரு முறை ஒற்றுங்கள். பெட்டியின் உள்ளே இருக்கும் பஞ்சு ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் அதற்குள்ளேயே வைக்காதீர்கள். வீட்டுப் பழைய இரும்புப் பெட்டகத்தில் வைப்பது பாதுகாப்புக்கு நல்லது; சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் கூடவே வையுங்கள்.

குழாயை எப்போது சுத்தம் செய்ய வேண்டும்?

தாங்கலில் சுட்ட குண்டுகளின் துளைகள் நெருக்கம் குறைந்து விரியத் தொடங்கும்போது. குழாயைத் துடைக்கும் பஞ்சுப் பெல்லட்டைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாக மட்டும் செலுத்துங்கள். பெல்லட் ஈயத்தால் ஆனது. கையைக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது, பிள்ளைகள் பெல்லட்டை உதட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள்.

ட்ரிகரின் எடையை எப்படிச் சோதிப்பது?

குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். பெல்லட் இல்லாமல் விசையேற்றி, குழாயை நேர்மேலே நிமிர்த்தி, 500 கிராம் எடைக்கல்லை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தரையிலிருந்து தூக்குங்கள். விசை விடுபடாமல் கல் தூக்கப்பட வேண்டும். சரியாக 500இல் நிறுத்தாமல் பத்து இருபது கிராம் கூட்டியே வைப்பது என் வழக்கம்.

போட்டியின் நடுவே துப்பாக்கி நின்றுவிட்டால்?

கையை உயர்த்தி நடுவரை அழைக்க வேண்டும்; சுடுமிடத்தில் நீங்களாகப் பிரிக்கத் தொடங்கக் கூடாது. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டலில் கோளாறு ஏற்பட்டு, விலைமதிப்பற்ற நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் நின்றார். 2024இல் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். 75 நிமிடத்தில் 60 குண்டு என்ற கணக்கில் ஒவ்வொரு நிமிடமும் உங்களுடையதுதான். உதிரி ஓ-ரிங், பிடித் திருகு, திருகுளிகள், நிரப்பிய இரண்டாம் சிலிண்டர், மின்னணு ட்ரிகராக இருந்தால் புதிய பேட்டரி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

எதை நாமே செய்யலாம், எதை அனுப்ப வேண்டும்?

துடைத்தல், இறுக்குதல், குறிக்குக் கரி பிடித்தல், இணைப்பு ஓ-ரிங் மாற்றுதல், பிடியைப் பண்படுத்துதல் ஆகியவை நம்முடையவை. ரெகுலேட்டர், சிலிண்டர் வால்வு, ட்ரிகரின் உட்கொக்கி ஆகிய மூன்றையும் பயிற்சி பெற்றவரிடமே அனுப்ப வேண்டும்.

அனுப்பும்போது கடிதத்தில் "சரியாகச் சுடவில்லை" என்று மட்டும் எழுதினால் பழுது பார்ப்பவர் என்ன செய்வார்? கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றையும் பேரேட்டில் ஏற்றிப் பழகிய ஊர் நம்முடையது. துப்பாக்கிக்கும் ஒரு பேரேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, சுட்ட குண்டுகளின் எண்ணிக்கை, அழுத்தமானியின் அளவு, எத்தனை கிளிக் எந்தப் பக்கம், எந்த நேரத்து வெளிச்சம், எந்தத் திருகு தளர்ந்திருந்தது என்று ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். கடைசி இரண்டு மாதப் பக்கங்களை நகலெடுத்து, தாங்கலில் சுட்ட ஐந்து குண்டு அட்டையோடு சேர்த்து, காற்றை வெளியேற்றிய சிலிண்டரைத் தனியே சுற்றி, பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள்.